1938-ல் பிறந்த ரெண்டு தாடிக்காரர்கள்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆய்வேடு ஒரு பக்கம், பகுதி நேர வேலை ஒரு பக்கம்னு உயிரை வாங்குது. இன்னிக்கு கொஞ்சம் பெரிய பதிவு. டீயோ காப்பியோ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

இங்க பாரிஸ்ல வியாபாரிகள் சந்திப்பு, உணவுத் திருவிழான்னு எங்க போனாலும் மேடையில ஒரு இயற்கை விவசாயி கண்டிப்பா இருக்கார். கோட்டு சூட்டு போட்டவங்களுக்கு நடுவுல கம்பளிச் சட்டையோட, கையில காய்ப்பு காய்ச்ச ஒருத்தர். மண்புழுவைப் பத்திப் பேசுறார், விதையைப் பத்திப் பேசுறார். எல்லாரும் கை தட்டுறாங்க. அப்புறம் ஆளுக்கொரு சீஸ் துண்டை வாயில போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிடுறாங்க.

இதைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி. விவசாயி மேடை ஏறினா வயலுக்கு என்ன ஆகுது? பேச்சு விதையா முளைக்குதா, இல்ல பேச்சாவே போயிடுதா? இதுக்குப் பதில் தேடிப் போனப்பதான் ஒரு சின்ன ஒற்றுமை கண்ணுல பட்டுச்சு. தமிழ்நாட்டுல இந்த மாதிரி ஊர் ஊராப் போய் பேசின கோ.நம்மாழ்வாரும், பிரான்ஸ்ல அதே வேலையைச் செஞ்ச பியர் ராபியும் பிறந்தது ஒரே வருஷம், 1938. ஏப்ரல் 6-ல் நம்மாழ்வார், மே 29-ல் ராபி. ரெண்டு பேருக்கும் தாடி வேற :-)

இவங்க ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சுப் பாத்தா, என் கேள்விக்குப் பாதி பதில் கிடைக்குது. அதைத்தான் எழுதப் போறேன்.

வேலையை விட்டுட்டு வந்தவர்

நம்மாழ்வார் பிறந்தது தஞ்சாவூர் மாவட்டம் திருக்காட்டுப்பள்ளி பக்கத்துல இளங்காடு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல வேளாண்மை படிச்சார். 1963-ல் கோவில்பட்டி அரசு வேளாண் ஆராய்ச்சி நிலையத்துல வேலை. கரிசல் காட்டுல மானாவாரிப் பயிர் ஆராய்ச்சி.

அந்தக் காலகட்டத்தை கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கணும். 1960-லயே 'பேக்கேஜ்' திட்டம்னு சொல்லி விதை, உரம், கடன் எல்லாத்தையும் ஒரே மூட்டையாக் கட்டி விவசாயிகிட்ட குடுத்துப் பாக்க, நாட்டுல முதல்ல எடுத்துக்கிட்ட மாவட்டங்கள்ல தஞ்சாவூரும் ஒண்ணு. 1965, 66-ல் பீகார் பக்கம் கடும் வறட்சி. அமெரிக்காவுல இருந்து கப்பல் கப்பலா கோதுமை வந்தாத்தான் இங்க ரேஷன் கடை திறக்கும்ங்கிற நிலைமை. 1966-ல் பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிலையத்துல இருந்து ஐ.ஆர்.8 வருது. குட்டைப் பயிர், உரம் போட்டாலும் சாயாது, மகசூல் அள்ளுது. அரசாங்கம் இதைப் பிடிச்சுக்கிட்டதுல ஆச்சரியமே இல்ல. பசி வாசல்ல நின்னுச்சு.

நம்மாழ்வாருக்கு வந்த சந்தேகம் வேற மாதிரி. கோவில்பட்டியில வானம் பாத்த பூமிக்கு, விலை கூடின விதையும் உரமும் போட்டு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தாங்க. மழையை மட்டுமே நம்பி இருக்கிற, கையில காசு இல்லாத சம்சாரி இதையெல்லாம் எப்படி வாங்குவான்? ஆராய்ச்சியோட திசையை மாத்தணும்னு சொல்லிப் பாத்தார். யாரும் கேக்கல. 1969-ல் அரசு வேலையை விட்டுட்டார். அந்தக் காலத்துல அரசு வேலையை விடுறதுன்னா வீட்டுல என்ன பேச்சு வாங்கியிருப்பார்னு நம்ம வீட்டை வச்சே கற்பனை பண்ணிக்கலாம்.

அடுத்து களக்காடு. பெல்ஜியத்துப் பாதிரியார் டொமினிக் பியர் (1958-ல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கினவர்) தொடங்குன 'அமைதித் தீவு' அமைப்போட திட்டம் அங்க நடந்துச்சு. சுமார் பத்து வருஷம் அந்த வேலை. கிணறு வெட்டினாங்க, கடன் வாங்கிக் குடுத்தாங்க. தண்ணி வந்தது, விளைச்சலும் வந்தது. ஆனா விளைஞ்ச காசெல்லாம் திரும்ப உரக் கடைக்கே போகுது. உழவனுக்கு வெளியில இருந்து வாங்குற பொருள் கூடக் கூட அவன் கையில நிக்கிறது குறையுதுங்கிறதை அங்கதான் கண்ணால பாத்தார். இயற்கை விவசாயத்தோட நுணுக்கங்களை ஆரோவில்ல இருந்த பெர்னார்ட்கிட்ட கத்துக்கிட்டதா அவரே சொல்லியிருக்கார். ஜப்பானோட ஃபுகோகாவும் அவருக்குப் பெரிய பாதிப்பு.

அதுக்கு அப்புறம்தான் அந்த நடை ஆரம்பம். பச்சைத் தலைப்பாகை, வெள்ளைத் தாடி, மேல ஒரு துண்டு. பேச்சுல புள்ளிவிவரம் கம்மி, பழமொழி ஜாஸ்தி. 'அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு'ன்னு நம்ம பாட்டன் பூட்டன் சொன்னதையே எடுத்துப் போட்டு விளக்குவார். கதிர் நமக்கு, வைக்கோல் மாட்டுக்கு, அடித்தட்டை மண்ணுக்கு. மண்ணுக்குப் பங்கு குடுக்காம எல்லாத்தையும் நாமளே வாரிக்கிட்டு வந்துட்டா, அப்புறம் மூட்டையில காசு குடுத்து வாங்கித்தான் மண்ணுக்குப் போடணும். ஒரு செமஸ்டர் பாடத்தை மூணு வார்த்தையில முடிச்சுட்டாங்க பாருங்க.

2004 சுனாமியில நாகப்பட்டினம் பக்கம் வயலெல்லாம் உப்பாப் போனப்ப, அங்கேயே போய் உக்காந்தார். வயல் ஓரத்துல குழி எடுத்து உப்புத் தண்ணியை வடிச்சு, தக்கைப்பூண்டு விதைச்சு மடக்கி உழுது, மண்ணைத் திரும்பப் பயிருக்குக் கொண்டு வந்தாங்க. பேச்சை மட்டும் வச்சு அவரை எடை போடுறவங்க இந்த வேலையையும் சேத்துப் பாக்கணும். கரூர் மாவட்டம் கடவூர் பக்கம் சுருமான்பட்டியில கட்டாந்தரையா கிடந்த நிலத்துல 'வானகம்' உண்டானதும் இதே மாதிரிதான்.

2013 டிசம்பர் 30-ல், மீத்தேன் திட்டத்துக்கு எதிரா டெல்டா கிராமங்கள்ல பேசிக்கிட்டிருந்த நேரத்துல, பட்டுக்கோட்டை பக்கத்துல அத்திவெட்டியில உயிர் போச்சு. வானகத்துலதான் அடக்கம். 2015-ல் தமிழக அரசு மீத்தேன் திட்டத்துக்குத் தடை போட்டுச்சு. 2020-ல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமா அறிவிச்சு சட்டமும் வந்துச்சு. இதுக்கெல்லாம் அவர் ஒருத்தர்தான் காரணம்னு சொல்லல. ஆயிரக்கணக்கான பேரோட போராட்டம் அது. ஆனா கடைசி மூச்சு வரைக்கும் அவர் பேசின பேச்சு அதுல இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது.

பாலைவனத்துல இருந்து வந்தவர்

இப்ப நம்ம பிரான்ஸ் தாடிக்காரர். பியர் ராபி பிறந்தது அல்ஜீரியாவோட சஹாரா ஓரத்துல கெனத்ஸாங்கிற சின்ன ஊர். அப்பா கொல்லர். ஊர்ல பிரெஞ்சுக்காரங்க நிலக்கரிச் சுரங்கம் நடத்துனாங்க. பட்டறையில சுத்தியல் பிடிச்ச அப்பா கடைசியில சுரங்கத்துக்குள்ள கூலியா இறங்க வேண்டியதாப் போச்சு. மகனை ஒரு பிரெஞ்சுத் தம்பதி எடுத்து வளர்த்தாங்க. 1950-களோட கடைசியில பாரிஸ் பகுதிக்கு வந்து ஒரு தொழிற்சாலையில சாதாரணத் தொழிலாளியா வேலை பாத்தார்.

அங்க இருந்து 1960-களின் தொடக்கத்துல மனைவியோட தெற்கே ஆர்தெஷ் மலைப்பகுதிக்குக் கிளம்பிட்டார். அந்த நேரத்துல பிரான்ஸ்ல எல்லாரும் கிராமத்தை விட்டு ஊருக்கு வந்துக்கிட்டிருந்தாங்க. இவர் எதிர்த் திசையில போனார். முதல்ல அடுத்தவங்க தோட்டத்துல கூலி வேலை. அப்புறம் பாறையும் புதருமா கிடந்த ஒரு நிலத்தை வாங்கி ஆடு வளர்த்தார். தண்ணி இல்ல, கரண்ட் இல்ல, இந்த நிலத்துக்கு எப்படிக் கடன் குடுக்கிறதுன்னு வங்கிக்காரங்க தயங்குனதை அவரே மேடையில சிரிச்சுக்கிட்டுச் சொல்லுவார்.

1981-ல் இருந்து புர்கினா ஃபாசோவுக்குப் (அப்ப அப்பர் வோல்ட்டான்னு பேரு) போய், வறண்ட நிலத்துல மக்கு எரு போடுறதை அங்கத்திய விவசாயிகளுக்குச் சொல்லிக் குடுத்தார். 1980-களோட நடுவுல கோரோம்-கோரோம்ல பயிற்சி மையம். அதிபர் தோமா சங்காராவுக்கு அவர் மேல நல்ல மரியாதை. 1987-ல் சங்காராவைக் கொன்னதோட அந்த அத்தியாயம் முடிஞ்சது.

2002 அதிபர் தேர்தல்ல நிக்கப் பாத்தார். இங்க வேட்பாளரா நிக்கணும்னா மக்கள் பிரதிநிதிகள் 500 பேர் கையெழுத்துப் போடணும். அது கிடைக்கல. ஆனா ஊர் ஊரா சபை நிறைஞ்சது. 2007-ல் 'கொலிப்ரி' இயக்கம் உருவாச்சு. கொலிப்ரின்னா தேன்சிட்டு மாதிரி ஒரு குட்டிப் பறவை. காடு தீப்பிடிக்குது, எல்லா மிருகமும் வாயைப் பிளந்து நிக்குது, இந்தக் குருவி மட்டும் அலகுல சொட்டுச் சொட்டா தண்ணி கொண்டாந்து ஊத்துது, என் பங்கை நான் செய்யறேன்னு சொல்லுது... இதுதான் அவர் சொல்லிப் பரப்பின கதை. நம்ம ஊர் ராமர் பாலத்து அணில் மாதிரின்னு வச்சுக்கோங்க.

2021 டிசம்பர் 4-ல் இறந்துபோனார்.

ஒரு சொட்டுத் தண்ணியும் காட்டுத் தீயும்

இதுவரைக்கும் ரெண்டு பேர் கதையும் ஒண்ணு போலவே இருக்கு. இனிமேதான் கிளை பிரியுது.

ராபியோட கூட்டங்களுக்கு விவசாயிகளை விட நகரத்து ஆளுங்க அதிகமா வந்தாங்க. பெரிய கம்பெனி நிர்வாகிகளும் கூப்பிட்டாங்க, போனார். மனசு மாறினா எல்லாம் மாறும்ங்கிறது அவர் நம்பிக்கை. 2018-ல் 'லு மோந்து திப்ளொமாத்தீக்' பத்திரிகையில அவரைப் பத்தி ஒரு நீளமான விமர்சனக் கட்டுரை வந்து பெரிய சண்டையாச்சு. ஒவ்வொருத்தரும் தன் சொட்டை ஊத்தினா போதும்னு சொல்றது, தீ வச்சவன் யாருன்னு கேக்காம விட்டுடுதேங்கிறதுதான் அதோட சாரம். அவரைச் சுத்தி உருவான பண்ணைகள்ல சம்பளமில்லாத தன்னார்வலர்கள் உழைப்பைப் பத்தியும் கேள்வி எழுப்புனாங்க.

இன்னொரு விமர்சனம் அதுக்கும் முன்னாடியே வந்தது, அதுவும் சொந்த முகாம்ல இருந்து. ரெனே டூமோன்னு ஒரு வேளாண் விஞ்ஞானி. வியட்நாம் டோங்கின் டெல்டா நெல் சாகுபடியைப் பத்தி 1935-லயே புத்தகம் போட்டவர். 1974-ல் பிரான்ஸோட முதல் சுற்றுச்சூழல் அதிபர் வேட்பாளரா டிவியில வந்து, ஒரு கிளாஸ் தண்ணியைக் குடிச்சுக் காட்டி, இது ஒருநாள் கிடைக்காமப் போகும்னு எச்சரிச்சவர். ஆக, அவரை உரக் கம்பெனி ஆளுன்னு யாரும் சொல்லிட முடியாது. அவரே 1986-ல் கோரோம்-கோரோம் போய்ப் பாத்துட்டு, மக்கு எருவைப் பாராட்டினார், ஆனா ரசாயன உரத்தை முழுசா ஒதுக்குறதையும், கிரக நிலை பாத்துப் பயிர் பண்ணச் சொல்ற சமாச்சாரத்தையும் கடுமையா விமர்சிச்சார். பட்டினி கிடக்கிற மண்ணுல கொள்கைப் பிடிவாதம் கூடாதுங்கிறது அவர் வாதம்.

நம்ம பக்கமும் இதே சண்டை உண்டு. எம்.எஸ்.சுவாமிநாதனை நம்மாழ்வார் மேடைக்கு மேடை தாளிச்சு எடுப்பார். சுவாமிநாதன் பிறந்ததோ கும்பகோணம், அதாவது அதே தஞ்சாவூர் ஜில்லா! இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, மண் வளத்தைப் பாக்காம, மருந்தை அள்ளித் தெளிச்சு, ஒரே ரகத்தை எல்லா இடத்துலயும் போட்டா கடைசியில நாசம்தான்னு 1968 ஜனவரியிலேயே அறிவியல் மாநாட்டுல எச்சரிச்சவரும் சுவாமிநாதன்தான். எச்சரிக்கை பேச்சுல நின்னுச்சு, உர மூட்டை வயலுக்குப் போச்சு. பேச்சு மட்டும் போதாதுங்கிறதுக்கு இதை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

பேச்சு எங்க முளைச்சுது?

அப்ப எங்கதான் முளைச்சுது? எனக்குத் தெரிஞ்சு ரெண்டு இடம் சொல்றேன்.

முதலாவது நம்மூரு. 2000-களோட தொடக்கத்துல பூம்புகார்ல இருந்து கல்லணை வரைக்கும் நம்மாழ்வார் நடந்தார். நடந்த வழியில அங்கங்க விவசாயிகள் காட்டுயானம் மாதிரியான பழைய நெல் விதைகளைக் கொண்டாந்து காட்டினாங்க. அந்த நடையில கூட இருந்தவர் திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்து ஜெயராமன். அவருக்கு அதுவே வாழ்க்கையாச்சு, பேரே 'நெல்' ஜெயராமன் ஆச்சு. 2006-ல் இருந்து ஆதிரெங்கத்துல நெல் திருவிழா. வர்ற விவசாயிக்கு 2 கிலோ விதை இலவசம். ஒரே ஒரு நிபந்தனை: அடுத்த வருஷம் 4 கிலோவாத் திருப்பித் தரணும். அவ்வளவுதான். பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா, குடவாழை, கருங்குறுவைன்னு 150-க்கும் மேல ரகங்கள் இப்படியே கை மாறிக் கை மாறித் திரும்பி வந்துச்சு. 2018 டிசம்பர் 6-ல் புற்றுநோய் அவரைக் கொண்டு போச்சு. விதை போகல.

ரெண்டாவது இங்க பிரான்ஸ்ல. பாரிஸ்ல வென்சேன் காட்டுப் பூங்காவுல 1976-ல் இருந்து 'மர்ஜோலேன்'னு ஒரு இயற்கை உணவுச் சந்தை நடக்குது. விவசாயிகள் விக்கவும் செய்வாங்க, பேசவும் செய்வாங்க. 1985-ல் அரசாங்கத்தோட பச்சை 'ஆ.பே.' முத்திரை வந்தது. ஆனா எனக்குப் பிடிச்சது 2001-ல் நடந்த ஒண்ணு. தெற்கே தூலோன் பக்கத்துல காய்கறி போடுற வுய்யோன் குடும்பம், அமெரிக்காவுல மகள் வீட்டுக்குப் போனப்ப அங்க ஒரு முறையைப் பாத்துட்டு வந்தாங்க. சாப்பிடுறவங்க பருவத்துக்கு முன்னாடியே விவசாயிகிட்ட பணத்தைக் கட்டிடுவாங்க. அப்புறம் வாரா வாரம் ஒரு கூடை. நல்லா விளைஞ்சா கூடை நிறையும், ஆலங்கட்டி மழை அடிச்சா பாதிக் கூடைதான், நஷ்டத்துல சாப்பிடுறவனுக்கும் பங்கு. ஊர்ல கூட்டம் போட்டுப் பேசினாங்க, ஓபான்யூல முதல் குழு ஆரம்பிச்சது. 'ஆமாப்'னு அதுக்குப் பேரு. இன்னிக்கு நாடு முழுக்க இருக்கு. ஜப்பான்ல 1970-கள்லயே 'தெய்க்கேய்'னு இதே ஏற்பாடு இருந்திருக்கு.

ரெண்டுலயும் பொதுவா ஒண்ணு இருக்கு பாருங்க. கேக்குறவன் கையில ஏதோ ஒரு பொறுப்பு வந்து விழுது. 4 கிலோவாத் திருப்பணும். இல்ல, முன்பணம் கட்டணும். கை தட்டிட்டுக் கிளம்ப முடியாது.

லா ஷப்பேல் அண்ணன் சொன்னது

இதையெல்லாம் நான் அரிசி வாங்குற லா ஷப்பேல் கடை அண்ணன்கிட்ட ஒருநாள் ஆர்வக்கோளாறுல சொல்லிக்கிட்டிருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், வெங்காயமும் மிளகாயும் போட்ட குடும்பம். பொறுமையாக் கேட்டுட்டு, "தம்பி, நீர் சொல்லுறது எல்லாம் சரி. ஆனா எங்கட ஊரில இதை ஒரு ராத்திரியில செய்து காட்டினவங்கள். அதையும் ஒருக்கா எழுதும்" எண்டார். அதனால எழுதறேன்.

2021 ஏப்ரல் கடைசியில கோத்தாபய ராஜபக்ச அரசு ரசாயன உரம், பூச்சிமருந்து இறக்குமதிக்குத் தடைன்னு முடிவெடுத்துச்சு. மே மாசம் வர்த்தமானியும் வந்துடுச்சு. நாட்டையே இயற்கை விவசாயத்துக்கு மாத்துறோம்னு உலக மேடையில பேச்சு. உள்ளுக்குள்ள டாலர் தட்டுப்பாடு. ஐரோப்பாவுல ஒரு வயலுக்கு இயற்கை முத்திரை வேணும்னா, வருஷப் பயிருக்கே 2 வருஷம் மாறுதல் காலம் குடுக்குறாங்க. மண்ணுல நுண்ணுயிர் பெருக, விவசாயி பழக, அவ்வளவு நாள் வேணும். அங்க ஒரு போகம் கூடக் குடுக்கல. நாட்டுக்கே போதுமான எரு எங்க இருந்து வரும்னும் யோசிக்கல. நவம்பர்ல தடையை விலக்கினாங்க, ஆனா காலம் கடந்துடுச்சு. 2021-22 பெரும்போக நெல் விளைச்சல் முந்தின பெரும்போகத்தை விட மூணுல ஒரு பங்குக்கும் மேல குறைஞ்சது. அரிசி இறக்குமதி. அடுத்த வருஷம் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும்.

மேடையில பேசினது தப்பா? இல்ல. விவசாயியை மேடையில ஏத்தாம, அவனைக் கேக்காமலேயே அவன் பேர்ல பேசினதுதான் வினை. நம்மாழ்வார் நாற்பது வருஷம் நடந்து நடந்து ஒவ்வொரு ஆளா மாத்தினதை, ஒரு காகிதத்துல கையெழுத்துப் போட்டு மாத்திடலாம்னு நெனச்சாங்க.

கடைசியா ஒண்ணு

பழைய விவசாயத்தைப் பத்திப் பேசுற கூட்டங்கள்ல ஒரு தேன் தடவின காலம் வந்து போகும். அந்தக் காலத்துல எல்லாம் நல்லா இருந்துச்சுன்னு. நான் டெல்டாக்காரன், அதனால சொல்றேன். கீழ்வெண்மணி அந்தக் காலம்தான். 1968 டிசம்பர் 25. கூலி கூடக் கேட்ட தகராறு. குடிசைக்குள்ள 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எரிஞ்சாங்க. பாரம்பரிய நெல் விளைஞ்ச வயல்ல உழைச்சவனுக்கு வயலும் சொந்தமில்ல, நெல்லும் சொந்தமில்ல. விதை யாருதுன்னு கேக்குற மேடையில நிலம் யாருதுன்னும், நடவு நட்ட அம்மாவுக்கு என்ன கூலின்னும் சேத்தே கேக்கணும். கேக்காத பேச்சு எவ்வளவு இனிச்சாலும் அரைப் பேச்சுதான்.

இங்கயும் நிலைமை லேசுப்பட்டதில்ல. பிரான்ஸ்ல விவசாய நிலத்துல பத்துல ஒரு பங்கு இயற்கை முறைக்கு வந்தாச்சு, ஆனா 2022-ல் விலைவாசி ஏறினதும் இயற்கை உணவு விற்பனை இறங்கிடுச்சு. கூட்டத்துல கை தட்டின அதே ஆளுங்கதான் கடையில விலைப் பட்டியலைப் பாத்துட்டு அடுத்த தட்டுக்குப் போனாங்க. மாணவன் பட்ஜெட்ல இருக்கிற நான் அவங்களைக் குறை சொல்ல முடியாது. அதனாலதான் அந்த 2 கிலோ - 4 கிலோ கணக்கு எனக்கு ரொம்பப் பெரிசாத் தெரியுது. அதுக்குக் காசு தேவைப்படல. சொன்ன வாக்கைக் காப்பாத்துற ஆளுங்க மட்டும்தான் தேவைப்பட்டாங்க.

சரி மக்களே, ரொம்ப இழுத்துட்டேன். நம்மாழ்வார் பேச்சை நேர்ல கேட்டவங்க, நெல் திருவிழாவுக்குப் போனவங்க, இலங்கையில அந்த 2021 போகத்தை அனுபவிச்ச சொந்தக்காரங்க இருக்கிறவங்க யாராச்சும் இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க. குறிப்பா, விதை வாங்கிட்டுப் போய் 4 கிலோவாத் திருப்பிக் குடுத்தவங்க யாராவது இருந்தா, அந்த வருஷம் மழை எப்படி, விளைச்சல் எப்படின்னு கண்டிப்பா சொல்லுங்க. படிக்கக் காத்துக்கிட்டிருக்கேன்.